பொறுமை யாருடைய அறம்?

வீட்டுக்குள் அடிபட்டு வாழ்ந்த பெண்ணுக்கு வரும் மனச்சோர்வை மருத்துவம் நோயாகவும், சமயம் சோதனையாகவும், உறவினர் அவளுடைய குறையாகவும் பார்ப்பது வழக்கம். இம்மூன்று பார்வைகளும் ஒரே பெண்ணின்மீது ஒருசேர விழும்போது, அவளுக்கு எந்தச் சிகிச்சை தகும் என்னும் கேள்வி மருத்துவத்தோடு முடிந்துவிடுவதில்லை. பொறுமை, மன்னிப்பு, ஊழ் ஆகியவை அறநூல்களிலும் மறைநூல்களிலும் உயர்ந்த இடம் பெற்றவை. அடிக்கிற கை ஒளிந்துகொள்ளும் இடங்களாகவும் அவையே நெடுங்காலம் இருந்துவந்துள்ளன. ஆகவே மனநலச் சிகிச்சை அவளிடம் கேட்பதும் சமயம் அவளிடம் கேட்பதும் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, மோதினால் எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது ஆராயத்தக்கது. பொறுமை எந்த நிபந்தனையின்கீழ் அறமாகிறது என்பதைத் தெளிவுபடுத்தாமல் இதற்கு விடை காண முடியாது.

இக்கேள்வி கேரளத்தின் தென்கோடியில் கூர்மை பெறுகிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை எனத் தெற்கே சென்று களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் நெடுஞ்சாலையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும் சிற்றூர்கள் உள்ளன. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. ஆயினும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், திருவிழாவுக்கும் சந்தைக்கும் போய்வருவதும் அந்தக் கோட்டைக் கடந்தே தொடர்ந்தன. சமயங்களின் நெருக்கமும் இங்கு மிகுதி. இலண்டன் மிசனரி சங்கத்தின் வழிவந்த தென்கேரளத் திருமண்டலத்துச் சபைகள், 1996இல் உருவான நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டம், 2017இல் உருவான பாறசாலை மலங்கரைக் கத்தோலிக்க மறைமாவட்டம், பெந்தெகொஸ்தே கூடங்கள், நாராயண குரு 1888இல் நெய்யாற்றங்கரையில் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம், இவற்றோடு விளைகள்தோறும் இசக்கியம்மன் பீடங்கள் என ஒரு பெண் சாய்ந்துகொள்ளத் தோள்கள் பல உண்டு. அடிபட்டு வரும் மகளிடம் இவை அனைத்தின் பெயராலும் தாய்மார் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "பொறுத்துப் போ மக்களே, பிள்ளைகள நெனச்சுக்கோ."

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியோர் கேரளத்தில் 9.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. களியக்காவிளையில் ஒரு சாலையைக் கடந்ததும் ஆண்களின் குணம் நான்கு மடங்கு மாறிவிடுகிறது என்று இதைக்கொண்டு யாரும் முடிவுகட்ட மாட்டார்கள். கேரளத்தின் கல்வியும் பொதுநலக் கட்டமைப்பும் உண்மையாகவே வன்முறையைக் குறைத்திருக்கலாம். வாய்திறந்து சொல்வதில் உள்ள வெட்கமும் எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். அதே ஆய்வில் கேரளப் பெண்களில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினர், கேட்கப்பட்ட காரணங்களில் ஏதேனும் ஒன்றுக்காகவாவது கணவன் மனைவியை அடிப்பது நியாயம் என்று பதிலளித்திருக்கிறார்கள். அடிபட்டதாகச் சொல்வோர் பத்தில் ஒருவராகவும் அடிப்பதை ஏதோ ஒரு நிலையில் ஏற்போர் பாதிக்கு மேலாகவும் இருக்கும் சமுதாயத்தில், மனச்சோர்வு மருத்துவர் முன் வந்து அமரும்போது அதன் காரணம் பெரும்பாலும் கூடவே வந்து அமர்வதில்லை. தலைவலி, உறக்கமின்மை, நெஞ்சடைப்பு, மேலுவலி என்றே அது வந்து சேர்கிறது.

மனச்சோர்வைக் கண்டறிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் உலகெங்கும் பயன்படும் வினாப்பட்டியல்களில் ஒன்று பி.எச்.கியூ-9. கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, உறக்கக்கேடு, சோர்வு, பசியின்மை போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று ஒன்பது வினாக்களால் கேட்டு, 27 மதிப்பெண் வரை கணக்கிட்டு, நோயின் கடுமையை அது மதிப்பிடுகிறது. அதன் ஆறாம் வினா, தன்னைப் பற்றித் தானே இழிவாக எண்ணியதுண்டா, தோற்றுப்போனவள் என்றோ குடும்பத்தைக் கைவிட்டவள் என்றோ உணர்ந்ததுண்டா என்று கேட்கிறது. இவ்வுணர்வை மருத்துவம் நோய்க்குறியாக எண்ணுகிறது. பெரும்பாலோர் வகையில் அது சரிதான். ஆனால் சோறு குழைந்ததற்கும், மாமியாருக்கு மறுமொழி சொன்னதற்கும், வரதட்சணை குறைந்ததற்கும் அடிபட்டு, ஒவ்வோர் அடிக்குப் பின்னும் "நீ ஒழுங்காக இருந்திருந்தால் அவன் ஏன் அடிக்கிறான்" என்று கேட்டுக்கேட்டே பல ஆண்டுகளைக் கழித்த ஒருத்தி இவ்வினாவுக்கு "ஏறக்குறைய தினமும்" என்று விடையளித்தால், அவள் வெளிப்படுத்துவது நோயையா, கற்பிக்கப்பட்ட பாடத்தையா என்பதைப் பட்டியலால் பிரித்தறிய இயலாது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிய கட்டுரையொன்றில், பொதுவான துன்பத்தையும் மனிதரை உள்ளிருந்து நொறுக்கும் பெருந்துயரையும் வேறுபடுத்தினார். பின்னதன் தனி இயல்பு, குற்றம் செய்தவன் அடைய வேண்டிய அருவருப்பும் குற்றவுணர்வும் அவனிடம் தோன்றாமல், குற்றத்துக்கு ஆளான அப்பாவியிடம் குடியேறிவிடுவது என்பது அவருடைய கருத்து. ஆறாம் வினாவின் விடையில் வெளிப்படுவது இந்த இடமாற்றமே. அடித்தவன் உறங்குகிறான், அடிபட்டவள் விடியும்வரை தன் தவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள். சமய அறிவுரைகளில் எது இந்த இடமாற்றத்துக்குத் துணைபோகிறது, எது அதைத் தடுக்கிறது என்பதைக்கொண்டே அவற்றை இங்கு எடைபோட வேண்டும்.

பொறுமைக்குத் தமிழ்நூல்களில் முதற்சான்று திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம். தன்னைத் தோண்டுபவனையும் தாங்கும் நிலத்தை எடுத்துக்காட்டி அது தொடங்குவதால், மண்ணைப் போல் பொறுத்திரு என்று பெண்ணுக்குச் சொல்வதற்கு அந்த உவமை எளிதாகக் கைகொடுத்துவிட்டது. ஆனால் அதிகாரத்தை முழுதாகப் படிக்கும்போது வேறொரு கட்டமைப்பு புலப்படும். அங்கு ஒறுத்தவரும் பொறுத்தவரும் எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள். பழிவாங்க இயன்றும் வாங்காதிருப்பவருக்கே புகழ் வைக்கப்படுகிறது. அறிவிலார் செய்த பிழையைப் பொறுப்பது வலிமைகளுள் வலிமை என்று எண்ணப்படுகிறது. ஒறுக்கும் ஆற்றலே இல்லாதவரைப் பற்றிய பேச்சு அங்கு எழவில்லை. வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறள் இன்னும் வெளிப்படையானது. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே உண்மையில் சினத்தைக் காப்பவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று அது கேட்கிறது. சினம் பலிக்கும் இடம் என்பதற்குத் தன்னின் எளியார் என்றே உரை மரபு பொருள்கொள்கிறது.

இந்த அளவுகோலைக் குடும்பத்தில் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு வழக்கமான அறிவுரையைத் தலைகீழாக்குகிறது. உடல்வலிமையும், வீட்டின் பத்திரமும், ஊராரின் நம்பிக்கையும் யாரிடம் இருக்கின்றனவோ அவருடைய சினமே பலிக்கும் சினம். எனவே பொறையுடைமையும் வெகுளாமையும் முதலில் கணவனிடம் கேட்கப்பட வேண்டிய அறங்கள். போக வழியில்லாமல், கையில் காசில்லாமல், திரும்பிச் சென்றால் தாய்வீடு ஏற்குமா என்று தெரியாமல் அடியை வாங்கிக்கொள்பவளின் நிலையை வள்ளுவர் வகுத்த பொறுமை என்று அழைக்க அந்நூலிலேயே இடமில்லை. பொறுக்காமல் இருப்பதற்கு ஒரு வழி திறந்திருந்தும் பொறுப்பவரிடத்தில் மட்டுமே பொறுமை ஓர் அறச்செயலாகிறது. வழி அடைபட்ட இடத்தில் நிகழ்வதற்கு உளவியல் வேறு பெயர் வைத்துள்ளது. தப்பிக்க முடியாத வலிக்குத் திரும்பத்திரும்ப ஆளான உயிர், பின்னர் வழி திறந்தாலும் முயலாமல் படுத்துவிடுவதை 1960களின் இறுதியில் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய சகாக்களும் விலங்குச் சோதனைகளில் கண்டு, கற்றுக்கொண்ட கையறுநிலை என அழைத்தனர். மனச்சோர்வை விளங்கிக்கொள்ள அக்கருத்து பின்னர் விரித்துப் பயன்படுத்தப்பட்டது. இப்பெண்கள் செய்யும் எண்ணற்ற சிறு தற்காப்புகளை அது கணக்கில் எடுக்கவில்லை என்ற குறையும் அதன்மேல் உண்டு. குழந்தையைத் தூங்கவைத்து அடுத்த அறையில் கிடத்துவதும், குடித்துவரும் நாளில் அரிவாளை ஒளித்துவைப்பதும் கையறுநிலையில் சேராதவை.

கிறித்தவ மரபில் இக்கேள்வி சிலுவையின் அருகில் எழுவதால் இன்னும் சிக்கலானது. நல்ல மனைவியருக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் புனித மோனிக்கா நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் முன்கோபியான கணவனோடு வாழ்ந்தவர். முகத்தில் அடியின் தடத்தோடு வந்து கணவரைக் குறைகூறிய தோழியரிடம், திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலேயே தாங்கள் பணிப்பெண்கள் ஆகிவிட்டதை நினைவில் கொள்ளுமாறு அவர் சொன்னதாக அவருடைய மகன் அகுஸ்தீன் தம் அறிக்கைகளின் ஒன்பதாம் நூலில் பாராட்டாகவே எழுதியிருக்கிறார். அந்த அறிவுரையால் அத்தோழியர் பிழைத்திருக்கவும் கூடும். உரோமச் சட்டத்தில் அவர்களுக்கு வேறு புகலிடம் அரிது. பிழைப்பதற்கான தந்திரத்தைப் புனிதத்தின் இலக்கணமாக மாற்றி, பதினாறு நூற்றாண்டு கடந்தும் அதையே ஓதுவது வேறு.

எல்லைக்கு அப்பால் நட்டாலத்தில் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை இப்பகுதிக் கத்தோலிக்கரின் பெரும்பற்றுக்குரியவர். எருமைமேல் ஏற்றப்பட்டும் அடிக்கப்பட்டும் அவர் பட்ட பாடுகள் வீட்டுப் பாடுகளுக்கு ஆறுதலாகச் சொல்லப்படுவதுண்டு. இந்த ஒப்புமையில் ஒரு முக்கிய வேறுபாடு மறைந்துவிடுகிறது. அவர் எதற்காகத் துன்புறுகிறார் என்பது அவருக்கும் அவரைத் துன்புறுத்தியோருக்கும் தெரிந்திருந்தது. நம்பிக்கையைக் கைவிட்டிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும் என்பதால் துன்பத்தை ஏற்றது அவருடைய தேர்வு. இரத்தசாட்சியின் துன்பம் ஓர் உண்மைக்குச் சான்று பகர்கிறது. மனைவி வாங்கும் அடி எந்த உண்மைக்குச் சான்று? அவள் கைவிட வேண்டியதாக அங்கு ஒரு கொள்கையும் இல்லை. எதைக் கைவிட்டால் அடி நிற்கும் என்பது அடிப்பவனுக்கே தெரியாது.

திருச்சபையின் சட்டநூல் பிரசங்கங்களைவிட இங்கு முன்னே நிற்பது பலர் அறியாதது. நெய்யாற்றின்கரை மறைமாவட்டத்தைக் கட்டுப்படுத்தும் 1983ஆம் ஆண்டு இலத்தீன் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் பிரிவும், பாறசாலை மறைமாவட்டத்தைக் கட்டுப்படுத்தும் 1990ஆம் ஆண்டு கீழைத் திருச்சபைகளின் சட்டத்தின் 864ஆம் பிரிவும், வாழ்க்கைத்துணைக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்து விளைவிப்பவர் மற்றவர் விலகிச்செல்ல முறையான காரணத்தைத் தாமே தருகிறார் என்று கூறுகின்றன. தாமதம் ஆபத்தானால் ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தாமாகவே விலகவும் அவை இடமளிக்கின்றன. திருமண உறவின் கட்டு அங்கு முறிவதில்லை. கூடிவாழும் கடமையே நிறுத்திவைக்கப்படுகிறது. 2016இல் திருத்தந்தை பிரான்சிசு குடும்ப வாழ்வு பற்றி வெளியிட்ட ஊக்கவுரையோ, எளியவரையும் பிள்ளைகளையும் காக்கச் சில வேளைகளில் பிரிவது ஒழுக்கக் கடமையாகவே ஆகலாம் என்கிறது. நாட்டுச் சட்டம்தான் வெகுநாள் பின்தங்கியிருந்தது. 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டத்தின்படி, கிறித்தவ மனைவி கொடுமையை மட்டும் காட்டி மணமுறிவு பெற முடியாமல், கணவனின் தகாத உறவையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1995இல் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தத் தடையை நீக்கியது. 2001இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

ஊழ் பற்றிய வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. முன்வினையே இவ்வடியாக வந்தது என்று சைவ சித்தாந்த மொழியில் பேசுவோர், நுகரப்படும் பிராரத்த வினையை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிதாய் ஈட்டப்படும் ஆகாமிய வினையை விட்டுவிடுகிறார்கள். அவ்வாதம் உண்மையானால் அடிப்பவன் அக்கணமே தன் கணக்கில் புதுவினை எழுதுகிறான். அவனைத் தடுப்பதும் அவளை மீட்பதும் அவனுக்கே செய்யும் நன்மையாகிறது. மீண்டு வரும் முயற்சியும் வினையே. அவள் விதியில் அடி எழுதியிருந்ததென்றால் களியக்காவிளைப் பேருந்தும் எழுதியிருக்கக்கூடாதா?

சினத்துக்கு இப்பகுதியின் சமயம் தந்துள்ள இடம் மேற்சொன்ன நூல்களைவிடச் செறிவானது. தென்திருவிதாங்கூரிலும் நாஞ்சில் நாட்டிலும் வில்லுப்பாட்டில் பாடப்படும் இசக்கி கதையில், நம்பிவந்த பெண்ணை நகைக்காகக் காட்டில் வைத்து, மடியில் உறங்கும்போதே, தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான் ஒருவன். அவள் நீலியாக மறுபிறவியெடுத்து, வணிகனாகப் பிறந்த அவனைப் பின்தொடர்ந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தன்னைக் கைவிட்ட கணவன் இவன் என்று ஊரார்முன் முறையிடுகிறாள். அவளைக் கண்டாலே தனக்குச் சாவு என்று அவன் கதறுகிறான். ஊர்ப்பெரியவர்களோ கணவன் மனைவி பிணக்கு ஓரிரவில் தீரும் என்று எண்ணி, அவனுடைய உயிருக்குத் தாமே பொறுப்பேற்று, இருவரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். இன்றும் காவல்நிலையத்திலும் பங்குமனையிலும் சமுதாய அலுவலகத்திலும் நடக்கும் சமரசப் பேச்சின் அச்சான வடிவம் இது. அஞ்சுபவரின் சொல்லை நம்பாமல் உறவின் பெயரைச் சொல்லித் திருப்பியனுப்பும் பெரியவர்களைக் கதை தலைகீழாக நிறுத்தியிருக்கிறது. நடைமுறையில் கதறிக்கொண்டு அந்த அறைக்குள் திரும்பிச் செல்பவள் பெண். வில்லுப்பாட்டை விரிவாக ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வங்களின் பிறப்பைப் பாடும் கதைகளிலிருந்து கொடுஞ்சாவைப் பாடும் கதைகளைப் பிரித்துக்காட்டி, சாவு பாடப்படும் கட்டத்திலேயே சாமியாட்டம் உச்சம் பெறுவதைக் கவனப்படுத்தினார்.

கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்ட பெண்ணின் சினத்தை ஊர் மதிக்கிறது, அஞ்சுகிறது, பொங்கலிட்டுப் படைக்கிறது. ஆனால் அந்த மரியாதையைப் பெற அவள் செத்திருக்க வேண்டும். உயிரோடிருப்பவள் அதே சினத்தைக் காட்டினால் அது வாயாடித்தனம் எனப்படும். அல்லது பேய் பிடித்ததாகக் கொள்ளப்படும். வட தமிழ்நாட்டுப் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்து 2000இல் நூலாக்கிய மானிடவியலாளர் இசபெல் நபோக்கோவ், கணவனிடமிருந்து விலகி நிற்கும் இளம்பெண்ணின் மனநிலை அங்கு வேற்று ஆவியின் வேலையாக மாற்றப்பட்டு, ஆவி ஓட்டப்பட்டபின் அவள் மீண்டும் மனைவியாக ஒப்படைக்கப்படுவதைக் காட்டினார். சடங்கு துன்பத்துக்கு வடிவம் கொடுக்கிறது. சில நாள் உறவினரின் கவனமும் அவள்பக்கம் திரும்புகிறது. இருந்தும் அவளுடைய மறுப்பு அவளுடையதாக எங்கும் பதிவாவதில்லை.

உளச்சிகிச்சையின் பணி இந்த இடத்தில் தொடங்குகிறது எனலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில், வன்முறையிலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாக வகுத்தார்: முதலில் பாதுகாப்பு, அதன்பின் நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் கொண்டாடுதல், இறுதியில் பிறரோடு மீண்டும் இணைதல். பாதுகாப்பு வருமுன் நினைவைக் கிளறுவது தீங்கு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கிறித்தவத் தியான மையங்களின் உள்மனக் காயம் ஆற்றும் வழிபாடுகளில், காயப்படுத்தியவரை நினைத்து அப்போதே மன்னிக்குமாறு கேட்கப்படும் பெண் அன்று மாலையே அவனிருக்கும் வீட்டுக்குத் திரும்புவாளாயின், மூன்றாம் கட்டத்துக்குரியது முதற்கட்டத்துக்கு முன்பே அவள்மேல் சுமத்தப்படுகிறது. அழுது மனம் லேசாவது பொய்யன்று. அந்த ஆறுதல் பலருக்கு மாதக்கணக்கில் ஒரே ஆறுதலாகவும் இருக்கும்.

சிகிச்சையால் எவ்வளவு முடியும் என்பதற்கு ஓரளவு தெளிவான சான்றுகள் உள்ளன. துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உளச்சிகிச்சை பற்றிய 33 ஆய்வுகளை 2020இல் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் மீளாய்வு, அவற்றால் மனச்சோர்வு குறைவது பெரும்பாலும் உண்மை என்றும், வன்முறை மீண்டும் நிகழ்வது குறைகிறதா என்பது உறுதியாகவில்லை என்றும் முடிவுகூறியது. இந்தியாவில் இதற்கு நெருக்கமான ஆய்வு கோவாவில் நடந்தது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் நிறுவனத்தினரும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுடைய 495 பேரிடம் நடத்தி, 2017இல் லான்செட் இதழில் வெளியிட்ட அந்த ஆய்வில், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் செயலூக்கச் சிகிச்சை அளித்தனர். மனம் தெளிந்தபின் செயல்படலாம் என்று காத்திராமல், மகிழ்வோ பொருளோ தரும் சிறு செயல்களை நாளில் மீண்டும் சேர்ப்பதன் வழியாக மனநிலையை மாற்றும் முறை அது. சோர்வு குறைந்ததோடு, சிகிச்சை பெற்ற பெண்கள் கணவரின் உடல்வன்முறை குறைந்திருப்பதாகவும் தெரிவித்தனர். அவளுடைய சோர்வே அடிக்குக் காரணம் என்று இதைப் படிப்பது பழைய குற்றச்சாட்டை ஆய்வின் பெயரால் திரும்பச் சொல்வதாகும். எழுந்து நடமாடுகிறவளுக்கு வெளியுலகத் தொடர்பும் எதிர்த்துநிற்கும் தெம்பும் கூடுகின்றன என்று படிப்பது மிகப் பொருத்தம்.

செயலூக்கச் சிகிச்சையின் தாள் எல்லைக் கிராமத்துப் பெண் ஒருத்தியின் முன் வைக்கப்படும்போது அதன் கட்டங்களில் எழுதப்படுபவை சாதாரணமானவை: விடியற்காலையில் ரப்பர்ப்பால் எடுத்தபின் அரைமணி நேரம் தனியே இருத்தல், கேரளப் பெண்களின் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்துக்குப் போதல், வாரம் ஒருமுறை களியக்காவிளையிலுள்ள தாயைப் பார்த்தல். வன்முறை நடக்கும் வீட்டில் இவற்றில் ஒவ்வொன்றும் அடுத்த அடிக்குக் காரணமாகலாம். அதனால் ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் அதற்கு அவன் என்ன செய்வான், யாருக்குத் தெரியும், எந்த வழியில் திரும்புவது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றின் படிகளை நம்பகமான அண்டைவீட்டில் வைப்பதும் சிகிச்சையின் பகுதியே. குடும்ப அட்டையில் தலைவியாக மூத்த பெண்ணின் பெயரே இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்திருப்பது அந்த ஆவணப் பொட்டலத்துக்கு எதிர்பாராத உறுதி தருகிறது.

கேரளத்தின் குடும்ப நலவாழ்வு மையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் ஆஸ்வாசம் திட்டம், மருத்துவமனைகளில் வன்முறைக்கு ஆளானோருக்கான பூமிகா மையங்கள், குடும்பஸ்ரீயின் ஸ்நேகிதா உதவி மையங்கள், 181 உதவி எண் எனக் கதவுகள் பல உண்டு. எல்லை கடந்து மணமாகிவந்தவளுக்கு எழும் நீதிமன்றக் குழப்பத்தையும் சட்டம் ஓரளவு தீர்த்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் முறையிடலாம். கணவன் வீட்டுக் கொடுமை பற்றிய குற்ற வழக்கை, தஞ்சம் புகுந்த இடத்திலேயே தொடரலாம் என்று 2019இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அலுவலக மலையாளத்தில் அமையும் ஆலோசனை அறையில், வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவள் அழுகையைச் சொல்லிவிடுவாள். அவமானத்தைச் சொல்லத் தன் வீட்டுப் பேச்சையே தேடுவாள்.

மறுபுறம், சிகிச்சையே புதியவகைப் பொறுமைப் பிரசங்கமாகிவிடும் ஆபத்தும் உண்மையானது. அடி தொடரும்போது மூச்சுப்பயிற்சியும் உறக்க மாத்திரையும் மட்டும் தந்து அனுப்பினால், தாங்கும் ஆற்றலைக் கூட்டிக்கொடுத்து அடியை நீட்டித்ததாகிவிடும். மாத்திரை வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. கடும் சோர்வில் அது உயிர்காக்கும். அவளுடைய சோர்வில் எவ்வளவு நோய், எவ்வளவு தன் வாழ்க்கையைப் பற்றிய சரியான தீர்ப்பு என்பதைப் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு மருத்துவரைச் சேர்ந்தது. இந்த வாழ்க்கையை இப்படியே வாழ முடியாது என்று அவள் மனம் சொல்வது பிழையான எண்ணமன்று. எந்த வாழ்க்கையும் வாழ முடியாது என்று அது நீளும் இடத்தில் நோய் இருக்கிறது, அங்கேதான் சிகிச்சைக்கு அவசரம். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் இணையாலோசனை, அச்சம் நீங்காத நிலையில் நீலி கதையின் அறைக்கு ஒப்பானதே. அவன் முன்னிலையில் அவள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரவில் விலை உண்டு.

மன்னிப்பு இக்கணக்கில் எங்கு வருகிறது என்பதே எஞ்சியுள்ள கேள்வி. பொறுமைக்குச் சொன்ன நிபந்தனை மன்னிப்புக்கும் பொருந்தும்: பாதுகாப்பான தொலைவில் நின்று, மன்னிக்காமல் இருக்கவும் உரிமையுள்ளவள் தருவதே மன்னிப்பு. அது கூடிவாழும் வாக்குறுதியாகவும் இருக்க வேண்டியதில்லை. மன்னித்தவள் களியக்காவிளைத் தாய்வீட்டிலேயே தங்கி, வழக்கையும் தொடரலாம். முன்னர்க் குறித்த திருச்சபைச் சட்டம், பிரிவுக்குக் காரணமானது நீங்கியபின் கூடிவாழ்வு மீட்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. காரணம் நீங்கியதா என்பதை யார் அறிவது என்பதில்தான் பங்குத்தந்தையரும் போதகரும் ஊர்த்தலைவரும் வழக்கமாகத் தவறுகிறார்கள். அவன் குடியை நிறுத்தினான், தியானத்துக்குப் போய்வந்தான், கண்ணீர்விட்டான் என்பவை அவனைப் பற்றிய செய்திகள். அவள் இரவில் உறங்குகிறாளா, கதவு தட்டப்பட்டால் உடல் நடுங்குகிறதா, பிள்ளைகள் அவன் பெயரைக் கேட்டதும் பேச்சை நிறுத்துகிறார்களா என்பவையே காரணம் நீங்கியதற்குச் சான்று. அவற்றை அவளிடமே முதலில், அவனும் அவன் வீட்டாரும் இல்லாத அறையில், அவள் வீட்டில் பேசும் மொழியில் கேட்க வேண்டும். இல்லை என்று அவள் சொல்வாளாயின் அந்தப் பதிலோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.